டோர்ச் லைட் வியாபாரம்: லுமென் மட்டும் போதுமா?

டோர்ச் வாங்க வருபவர் கடையில் செய்வது ஒன்றுதான். சுவிட்சைப் போட்டு எதிர்ச் சுவரில் அடித்துப் பார்ப்பார். எது வெள்ளை வெளேரென்று தெரிகிறதோ அதை எடுத்துச் செல்வார். இரண்டு வாரத்தில் திரும்பி வந்து, "முதலாளி, பெட்டியில போட்ட அளவுக்கு இதுல வெளிச்சம் இல்லையே" என்பார். பொருளைத் திருப்பி எடுப்பதா, வாடிக்கையாளரை இழப்பதா என்ற சங்கடம் நமக்கு.

எல்.ஈ.டி. இயல்பில் வெள்ளை ஒளி தருவதில்லை. உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சிறு சில்லு. அதன்மேல் பூசப்பட்ட பொஸ்பர் பூச்சு நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்ததே நாம் காணும் வெள்ளை. இதன் நிறத்தைக் கெல்வின் அளவில் சொல்வார்கள். 3000 என்றால் பழைய குண்டு பல்பு போல மஞ்சள், 4000 முதல் 5000 வரை நடுத்தரம், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. ஒரே வகை எல்.ஈ.டி.யில், அதே மின்சக்திக்கு நீலம் கலந்ததே அதிக லுமென் தரும். மலிவுச் சரக்கு பெரும்பாலும் நீலமடித்து இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கெல்வின் ஒன்றாக இருந்தாலும் ஒரு டோர்ச் பச்சை தட்டும், இன்னொன்று இளஞ்சிவப்பாகத் தெரியும். தனியாகப் பார்த்தால் கண் பழகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

நிறம் வெறும் அழகுக்கான விடயம் அல்ல. பேருவளை சீனன்கோட்டை மாணிக்க வியாபாரிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நீலம் கூடிய ஒளியில் நீலக்கல் தூக்கிக் காட்டும். அதே ஒளியில் சிவப்பு குறைவாக இருப்பதால் ரூபி மங்கிவிடும். இரவில் தவறான டோர்ச்சில் கல் பார்த்து விலை பேசினால், டோர்ச்சில் மிச்சம் பிடித்த காசு எந்த மூலைக்கு? இவ்வாறானவர்களுக்கு நிறங்காட்டும் சுட்டெண், அதாவது சீ.ஆர்.ஐ., 90க்கு மேற்பட்ட சரக்கையே காட்ட வேண்டும். சாதாரண டோர்ச்சுகளில் இது 70 அளவில்தான் இருக்கும்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். லுமென் என்பது மொத்த ஒளி. கன்டெலா என்பது ஒரு திசையில் குவியும் செறிவு. யானைக்குக் காவல் இருக்கும் விவசாயிக்குத் தேவை கன்டெலா, கரண்ட் போன வீட்டுக்குத் தேவை லுமென். 2009இல் அமெரிக்காவில் வந்த எப்.எல்.1 தரநிர்ணயத்தின்படி, ஒளி 0.25 லக்ஸாகக் குறையும் தூரமே டோர்ச்சின் எட்டும் தூரம். ஏறத்தாழ முழுநிலவு வெளிச்சம் அவ்வளவுதான். 10,000 கன்டெலா என்றால் 200 மீற்றர். அதை 400 ஆக்க 40,000 கன்டெலா வேண்டும்.

பெட்டியில் '10,000 லுமென்' என்று கண்டால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வொட்டுக்கு 100 லுமென் என்றாலும் 100 வொட் தேவை. நல்ல 18650 பட்டரி ஒன்றில் இருப்பது சுமார் 12 வொட் மணி. எட்டு நிமிடம்கூடத் தாங்காது, கையில் பிடிக்கவும் முடியாது. அந்த அளவுப் பட்டரியில் '9900 எம்.ஏ.எச்.' என்று அச்சிட்டிருந்தால் அதுவும் பொய்தான். 3500க்கு அண்மித்தாலே அது உயர்தரச் சரக்கு. அச்சிட்டவன் எங்கோ இருக்கிறான், விற்பவர் நாம். வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடை செய்கிறது.

மொத்தமாக ஓடர் கொடுக்குமுன் இரண்டு மாதிரிகளை எடுத்து, புதிய பட்டரி போட்டு, இருட்டறையில் சீலிங்கை நோக்கி நிறுத்துங்கள். கைத்தொலைபேசியின் லக்ஸ் அளவியை ஒரே இடத்தில் வைத்து இரண்டையும் அளவெடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் அளவெடுங்கள். முதல் நிமிடத்தில் பிரகாசித்துப் பின் பாதியாக விழும் சரக்கு அங்கேயே அகப்பட்டுவிடும். நிறத்தைப் படம் பிடித்து ஒப்பிட வேண்டாம், கமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்துவிடும். வெள்ளைச் சுவரும் உங்கள் கண்ணும் போதும்.