போனது 5,000... வந்தது 2,400!

"வீட்டிலிருந்தபடியே தினம் 2,000 ரூபாய் சம்பாதிக்கலாம். முதலீடு வேண்டாம். முன் அனுபவம் வேண்டாம்."

2023-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள். பகல் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தேன். என் செல்போனில் இப்படி ஒரு செய்தி வந்திருந்தது. யாரோ எனக்காகவே எழுதி அனுப்பியது போல இருந்தது!

எங்கள் ஊர் கும்பகோணம். என் வீட்டுக்காரருக்கு ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. இரண்டு பெண் குழந்தைகள், கூடவே என் மாமியார். நான் பி.ஏ. தமிழ் படித்தவள். படித்து முடித்த மறு வருஷமே கல்யாணம். அதற்குப் பிறகு என் படிப்பு, குழந்தைகளின் வீட்டுப் பாடத்துக்கு மட்டும்தான் பயன்பட்டது. மாதக் கடைசியில் பால்காரருக்கு வாய்தா சொல்லும்போதெல்லாம், 'நாமும் நாலு காசு சம்பாதித்தால் என்ன?' என்று தோன்றும். ஆனால் குழந்தைகளை விட்டுவிட்டு வெளியே போக முடியாது. கையில் முதலும் கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு இந்தச் செய்தி வந்தால் கேட்கவா வேண்டும்!

மூன்று வீடியோ, 150 ரூபாய்

வேலை ரொம்பச் சுலபம். அவர்கள் அனுப்பும் வீடியோக்களைத் திறந்து, 'பிடித்திருக்கிறது' என்ற குறியை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். மூன்று வீடியோவுக்கு 150 ரூபாய். சொன்னபடியே பணமும் என் கணக்குக்கு வந்தது! அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் என்னை ஒரு குழுவில் சேர்த்தார்கள். அதில் ஏகப்பட்ட பெண்கள். "எனக்கு இன்று 8,000 வந்தது", "எனக்கு 15,000" என்று படத்தோடு போட்டுக்கொண்டே இருந்தார்கள். 1,000 ரூபாய் கட்டினால் 1,300 திரும்ப வரும் என்றார்கள். கட்டினேன். வந்தது. அடுத்து 5,000 கட்டச் சொன்னார்கள்.

பீரோவில் புடவைக்கு அடியில் பெரியவளின் ஸ்கூல் பீஸுக்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் இருந்தது. 'நாளைக்கே 6,500-ஆகத் திரும்பி வந்துவிடப் போகிறதே' என்று துணிந்து, அதை எடுத்துக்கொண்டு போய் பாங்கில் போட்டு, அங்கிருந்து அனுப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் பதில் வந்தது. "உங்கள் கணக்கில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. இன்னும் 12,000 கட்டினால்தான் மொத்தப் பணமும் விடுவிக்கப்படும்."

பகீரென்றது. கெஞ்சினேன், அழுதேன். குழுவில் இருந்த அந்தப் 'பெண்கள்' எல்லாம், "நானும் கட்டித்தான் வாங்கினேன் அக்கா, தைரியமா கட்டுங்க" என்றார்கள். அவர்களும் அதே கூட்டத்து ஆட்கள்தான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. முதல் நாள் கொடுத்த 150 ரூபாய், மீன் பிடிக்கத் தூண்டிலில் குத்திய புழு. அடுத்துக் கொடுத்த 300-ம் அதே புழுதான்.

வெட்கத்தில் போன நாலு நாள்

இங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன். கடைசியில் கண்டுபிடித்தது என் மாமியார்தான்.

"என்னம்மா, நாலு நாளா மூஞ்சியே சரியில்ல. ஏதாவது தொலைச்சுட்டியா?" என்றார்.

அவ்வளவுதான், கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். "போன காசு போகட்டும். மொதல்ல அவன்கிட்ட சொல்லு. புருஷன்கிட்ட மறைச்சா அது ரெண்டாவது நஷ்டம்" என்றார். என் வீட்டுக்காரர் ஒரு நாள் பேசவில்லை. மறுநாள் அவரே கடையில் முன்பணம் வாங்கி வந்து பீஸைக் கட்டினார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்தோம். இணையத்தில் நடக்கும் பண மோசடிகளுக்காக நாடு முழுவதற்கும் உள்ள உதவி எண் அது. விஷயம் தெரிந்தவுடனே கூப்பிட்டால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கிவைக்க வழி இருக்கிறது. திருடர்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மளமளவென்று மாற்றிவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நான் வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாளை விட்டேன். என் 5,000 திரும்பவில்லை.

கோயில் வாசலில் கிடைத்த வேலை

இணையம் என்றாலே வெறுத்துப்போயிருந்த எனக்கு, அதே இணையத்தில் ஒரு நல்ல வழி பிறந்தது. அதற்கும் என் மாமியார்தான் காரணம்.

அவருக்குக் கோயிலில் பழக்கமான ஒரு பாட்டி உண்டு. அந்தப் பாட்டியின் மகன் அமெரிக்காவில் நியூஜெர்சியில் குடும்பத்தோடு இருக்கிறார். பேரனுக்கு எட்டு வயது. நாம் பேசினால் தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். "என் பேரன் எனக்கு ஒரு வரி தமிழ்ல எழுதி நான் பார்ப்பேனா?" என்று அவர் ஆதங்கப்பட்டிருக்கிறார். "என் மருமக தமிழ் படிச்சவதான், கேட்டுப் பாக்குறேன்" என்று என் மாமியார் வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்!

எனக்கு உதறல். டீச்சர் வேலை பார்த்தது கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. "ரெண்டு வாரம் சும்மா சொல்லிக் கொடு. வந்தா வருது" என்றார் மாமியார்.

அரிசி டப்பாவில் செல்போனைச் சாய்த்து வைத்தேன். ஜன்னல் பக்கம் முகம் இருக்கும்படி உட்கார்ந்தேன். சின்னவளின் சிலேட்டை எடுத்துக்கொண்டேன். இதுதான் என் பள்ளிக்கூடம்! வீடியோவில் பேசும் வசதிகளில் சிலவற்றை இலவசமாகவே பயன்படுத்தலாம். ஜூம் 40 நிமிஷம் வரை இலவசம். என் வகுப்போ அரை மணி நேரம்தான்.

முதல் நாள் அ, ஆ, இ, ஈ என்று ஆரம்பித்தேன். பையன் கொட்டாவி விட்டான். இப்படி வரிசையாகப் போனால் 247 எழுத்தையும் முடிப்பதற்குள் அவன் ஓடிவிடுவான் என்று புரிந்தது. மறுநாள் ட, ப, ம என்று எழுதச் சுலபமான மூன்று எழுத்துகளை மட்டும் காட்டினேன். புள்ளி வைக்கவும் சொல்லிக் கொடுத்தேன். 'படம்', 'பட்டம்', 'மடம்' என்று அன்றைக்கே மூன்று வார்த்தை படித்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பாடத்துக்குப் புத்தகமும் வாங்கவில்லை. தமிழ்நாடு அரசு 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்று ஒன்றைத் தொடங்கியது. இப்போது அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். அதன் இணையதளத்தில் மழலைக் கல்வி என்ற பகுதியில் பாட்டும் கதையும் பாடமும் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் அரசுப் பள்ளிப் பாடப்புத்தகங்களையும் இணையத்திலிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரம் முடிந்ததும் பையனின் அம்மாவே பேசினார். ஒரு வகுப்புக்கு 200 ரூபாய், வாரம் மூன்று வகுப்பு என்று முடிவானது. மாதம் 12 வகுப்பு. பணத்தை இங்கே இருக்கும் பாட்டியே மாதாமாதம் என் கணக்குக்கு அனுப்பிவிடுவார். அக்டோபர் மாதம் என் கணக்கில் 2,400 ரூபாய் ஏறியது. அதை அப்படியே எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "மீதி 2,600 எப்போ?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

கடிகாரம் செய்த கூத்து

அவர்களுக்கு ராத்திரி எட்டு மணி என்றால் நமக்கு மறுநாள் காலை ஐந்தரை. பழகிவிட்டது. நவம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு உட்கார்ந்தேன். பையனைக் காணோம். ஆறு மணி ஆயிற்று, ஆளே இல்லை. 'இதுவும் போச்சா!' என்று பழைய பயம் வந்துவிட்டது. சரியாக ஆறரைக்கு, "குட் ஈவினிங் டீச்சர்!" என்று வந்து நிற்கிறான்!

அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்களாம். திரும்ப மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைதான் முன்னால் தள்ளுவார்கள். ஆறரை மணி நம் வீட்டில் இட்லிப் பானையும் டிபன் பாக்ஸுமாக இருக்கும் நேரம். மார்ச் வரை அந்த அரை மணி நேரம் அடுப்படியை மாமியார் பார்த்துக்கொண்டார். வெளிநாட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க நினைப்பவர்கள் இதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொங்கலுக்குப் பாட்டி எங்கள் வீடு தேடி வந்தார். கையில் செல்போன். அதில் ஒரு காகிதத்தின் படம். 'பாட்டி எப்ப வருவீங்க' என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. 'வ'வுக்கு வால் கொஞ்சம் நீளம்தான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அவர் சொல்லிச் சொல்லியே இன்னும் இரண்டு குழந்தைகள் சேர்ந்தார்கள். இன்று மாதம் 7,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது. கோடி கோடியாக இல்லை, ஆனால் பால்காரருக்கு வாய்தா சொல்வதில்லை.

உங்களால் என்ன முடியும்?

'எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க வராதே' என்கிறீர்களா? உங்களுக்கு எது வரும் என்று யோசியுங்கள். கோலம், கணக்கு, வீணை, தையல், தமிழில் வேகமாக டைப் அடிப்பது, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதித் தருவது என்று எத்தனையோ இருக்கின்றன. முதலில் நம்மைத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருவார்.

எங்கள் தெருவில் ஒரு பெண் புடவை வியாபாரிகளிடம் படம் வாங்கி, தனக்குத் தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி விற்கிறாள். சரக்கு வாங்கி அடுக்க வேண்டியதில்லை. ஆனால் புடவையில் குறை இருந்தால் திருப்பி எடுப்பது யார், தபால் செலவு யாருடையது என்று முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும். வடாம், ஊறுகாய் விற்பவர்கள், வீட்டில் சிறிய அளவில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

யூடியூப் சேனல் தொடங்கலாம்தான். ஆனால் விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்கக் குறைந்தது 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். கூடவே 12 மாதங்களில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்ன வீடியோக்கள் 90 நாளில் ஒரு கோடி தடவை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஆசைக்குச் செய்யுங்கள், முதல் வருஷத்து மளிகைக்கு அதை நம்பாதீர்கள்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டவை

* வேலை தருகிறேன் என்பவர் நமக்குப் பணம் தர வேண்டும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், வைப்புத் தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது வேலை அல்ல.

* பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. 'பணம் வர உங்கள் பின் நம்பரைப் போடுங்கள்' என்றால், போகப் போவது உங்கள் பணம். ஓடிபி எண்ணையும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

* 'படிவம் நிரப்பும் வேலை' என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு, 'தப்பு அதிகம், அபராதம் கட்டு, இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ்' என்று மிரட்டுவார்கள். பயந்து பணம் கட்டாதீர்கள், புகார் கொடுங்கள்.

* 'உங்கள் பாங்க் கணக்கைக் கொடுங்கள், அதில் வரும் பணத்துக்குக் கமிஷன் தருகிறோம்' என்பதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதீர்கள். என்னைப் போல் ஏமாந்த யாரோ ஒருத்தியின் பணம்தான் அது. நாளைக்குப் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்.

* தினமும் வரவைக் கணக்கு நோட்டில் எழுதுங்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டு முதல், புதிய வருமான வரி முறையில் வருஷத்துக்கு 4 லட்சம் ரூபாய் வரை வரி கிடையாது. ஆனாலும் கணக்கு இருப்பது நல்லது.

* ஏமாந்துவிட்டால் உடனே 1930. வீட்டிலும் உடனே சொல்லுங்கள்.

முதலில்லாமல் ஒரு தொழில் கிடையாது, சகோதரிகளே. நம்மிடம் பணம் இல்லாவிட்டாலும் கற்ற கல்வி இருக்கிறது, கைத்தொழில் இருக்கிறது, நம்மை நம்பும் நாலு பேர் இருக்கிறார்கள். அதுதான் முதல். அதை வைத்துத் தொடங்குங்கள்.

அந்த 5,000? என் சம்பளத்திலிருந்து அதைச் சேர்த்து, பெரியவளின் அடுத்த பீஸுக்கென்று எடுத்து வைத்தேன். ஆனால் இந்தத் தடவை புடவைக்கு அடியில் வைக்கவில்லை. மாமியாரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்!