கேஸ் மாத்திரையும் கடைசி ஷட்டரும்

கார்த்திகை மாதம் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் பஸ்ஸில் ஜன்னலோர ஸீட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் சம்பாப் பயிர். அந்தப் பச்சைக்குக் காரணம் குளோரோஃபில் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்த மூலக்கூறின் நட்ட நடுவில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒற்றை ஆசாமிதான் மக்னீசியம்.

அதே ஆசாமி நமக்குள்ளும் இருக்கிறார். மொத்தமே 25 கிராம் சுமாருக்குத்தான். ஆனால் செல்வாக்கு ஜாஸ்தி. உடம்புக்குள் புழங்குகிற கரன்ஸி ஏ.டி.பி. என்கிற சமாசாரம். ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து மாதிரி, மக்னீசியம் ஒட்டிக்கொண்டால்தான் ஏ.டி.பி. செல்லும். நடப்பது, யோசிப்பது, மேனேஜரைப் பார்த்ததும் நெஞ்சு படபடப்பது, எல்லாம் இந்த நோட்டில்தான் நடக்கிறது.

இத்தனை முக்கியமான சரக்கை உடம்பு எப்படி அளந்து கொடுக்கிறது? டெல்டாக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மேட்டூரில் தேக்கி வைத்து, கல்லணையில் பிரித்துவிடுகிற அதே கணக்கு.

மேட்டூர் அணை, நம் எலும்பு. பாதிக்கு மேல் மக்னீசியம் அங்கேதான் இருக்கிறது. மிச்சத்தில் பெரும்பங்கு தசையிலும் மற்ற செல்களுக்குள்ளும். ரத்தத்தில் ஓடுவது 1 சதவிகிதம்கூடக் கிடையாது. லேபில் ரத்தம் கொடுத்து 'மக்னீசியம் நார்மல்' என்று ரிப்போர்ட் வாங்கி நிம்மதியாவது, கல்லணைப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு மேட்டூரில் இத்தனை அடி என்று சொல்வது மாதிரி.

கல்லணை, நம் கிட்னி. அங்கே வருகிற தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று வயலுக்குப் போகும். மிஞ்சினால் கொள்ளிடம் வழியாகக் கடலுக்கு. கிட்னியும் தினம் 2 கிராமுக்கு மேல் மக்னீசியத்தை வடிகட்டி எடுத்து, ஏறக்குறைய எல்லாவற்றையும் ரத்தத்துக்கே திருப்பிவிட்டு, சுமார் 100 மில்லிகிராமை மட்டும் கொள்ளிடத்தில் விடுகிறது. (எந்தக் கொள்ளிடம் என்று விளக்க வேண்டாமே!)

இதில் பெரும்பகுதி வழியிலேயே மீட்கப்பட்டுவிடும். கடைசியில் மிஞ்சுகிற 5, 10 சதவிகிதத்தைத் திரும்ப எடுப்பதா, கடலுக்கு விடுவதா என்று முடிவு செய்ய ஒரு ஷட்டர் இருக்கிறது. செல்லின் சுவரில் பதித்த நுண்ணிய புரதக் குழாய். பெயர் டி.ஆர்.பி.எம்.6. குடலிலும் இதே ஷட்டர்தான் சாப்பாட்டிலிருந்து மக்னீசியத்தை உள்ளே இழுக்கிறது. இதன் அண்ணன் டி.ஆர்.பி.எம்.7 அநேகமாக எல்லா செல்லிலும் உண்டு. உள்ளே மக்னீசியம் கூடினால் தானே அடங்கிவிடுகிற புத்திசாலி.

இந்த ஷட்டர் இருப்பதையே சில குழந்தைகளை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். பிறந்த சில வாரம், சில மாதத்தில் ஃபிட்ஸ். ரத்தத்தில் கால்சியம் குறைவு. சரி என்று கால்சியம் கொடுத்தால் நிற்காது. காரணம், மக்னீசியம் இல்லாவிட்டால் கால்சியத்தை மேய்க்கிற பாராதைராய்டு ஹார்மோனே சரியாக வராது. மக்னீசியத்தைத் தாராளமாகக் கொடுத்தால் குழந்தை பிழைத்துவிடும், ஆனால் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். 2002-ல் இரண்டு விஞ்ஞானிகள் குழு தனித்தனியே தேடி, இந்தக் குடும்பங்களில் பழுதாகியிருப்பது டி.ஆர்.பி.எம்.6 ஜீன்தான் என்று ஒரே சமயத்தில் அறிவித்தார்கள்.

ஷட்டரை ஏற்றி இறக்க ஒரு லஸ்கர் வேண்டுமே? ஈ.ஜி.எஃப். என்கிற ஹார்மோன் மாதிரியான பொருள் அந்த வேலையைப் பார்க்கிறது. அதன் ஏற்பியை அடைக்கிற ஸெடக்ஸிமாப் என்ற புற்றுநோய் மருந்தைப் போட்டால் பலருக்கு மக்னீசியம் மளமளவென்று இறங்குகிறது. லஸ்கரின் கையைக் கட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்குத்தானே போகும்?

'நமக்குத்தான் கான்சர் இல்லையே' என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். உங்கள் ஆபீஸ் டிராயரைத் திறந்து பாருங்கள். ஸ்டேப்ளர் பின்னுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை மாத்திரை இருக்கிறதா? ஒமிப்ரசோல், பான்டோபிரசோல், ஏதோ ஒரு 'சோல்'? பேஸ்ட், பிரஷ் மாதிரி காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. டாக்டர் 15 நாளைக்கு எழுதிக் கொடுத்ததை மூன்று வருஷமாகத் தொடர்கிறவர்கள் எத்தனை பேர்!

2011 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. இந்த மாத்திரைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. நீண்ட நாள், பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மேல், சாப்பிட்டவர்களில் சிலருக்கு மக்னீசியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. கை நடுக்கம், தசைப் பிடிப்பு, தாறுமாறான இதயத்துடிப்பு, ஃபிட்ஸ். அவர்களில் கால்வாசிப் பேருக்கு மக்னீசியம் கொடுத்தும் பலனில்லை. கேஸ் மாத்திரையை நிறுத்தினால்தான் சரியானது. வயிற்றில் ஆசிட் குறைவதால் குடல் ஷட்டர் சரியாக வேலை செய்வதில்லை என்று கருதுகிறார்கள். எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் கூடவே பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரையும் சாயங்காலம் 'க்வார்ட்டரும்' சேர்ந்தால், அவை இரண்டும் கொள்ளிடம் பக்கத்து ஷட்டரைத் திறந்துவிடும் பேர்வழிகள். மேலே வரத்து இல்லை, கீழே திறப்பு. மேட்டூர் என்ன ஆகும்?

அதற்காக இன்றைக்கே மாத்திரையைத் தூக்கி எறியவும் வேண்டாம். அல்ஸர்காரர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் சிலருக்கும் அது அவசியம். 'இன்னும் எத்தனை நாள் ஸார்?' என்று டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள், போதும். கிட்னி கோளாறு உள்ளவர்கள் கடையில் மக்னீசியம் மாத்திரை வாங்கி விழுங்குவது இன்னும் மோசம். வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கிவிடும்.

வரத்து விஷயத்தில் நம் நெற்களஞ்சியத்துக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. 100 கிராம் தவிடு நீக்காத அரிசியில் சுமார் 90 மில்லிகிராம் மக்னீசியம். மல்லிகைப்பூ மாதிரி பாலீஷ் போட்டால் 20 மில்லிகிராம் தேறினால் அதிகம். மிச்சமெல்லாம் தவிட்டோடு மாட்டுக்குப் போகிறது, மாடு திடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே டெல்டாவில், சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்னால், ஈரம் காயாத வயலில் உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். அந்த உளுந்தில் 100 கிராமுக்கு 150 மில்லிகிராமுக்கு மேல். உளுந்தங்களி கிண்டத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள்.