பீட்டில்ஸின் கடைசி இசைத்தட்டு எது?

பீட்டில்ஸ் கோஷ்டியார் இறுதியாக வெளியிட்ட இசைத்தட்டு 'லெட் இட் பி' என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. 1970 மே 8-ஆம் தேதி அது பிரிட்டனில் விற்பனைக்கு வருவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னரே, பால் மக்கார்ட்னி விலகிய செய்தி உலகெங்கும் பரவிவிட்டபடியால், ரசிகர்கள் அதை ஒரு பிரிவுபசாரமாகவே பாவித்துக் கேட்டார்கள். ஆனால் அதன் பாடல்களில் மிகப் பெரும்பாலானவை 1969 ஜனவரியில் பதிவானவை. அவற்றுக்குப் பிறகு உருவான 'அபே ரோடு' தான், 1969 செப்டம்பரிலேயே, முந்திக்கொண்டு வெளிவந்துவிட்டது.

அந்த ஜனவரியில், சினிமாக் காமிராக்கள் சூழ்ந்து நிற்க, ட்விக்கன்ஹாம் படப்பிடிப்பு நிலையத்தில் புதுப் பாடல்களை ஒத்திகை பார்த்த நால்வருக்குள் மனஸ்தாபம் முற்றி, 10-ஆம் தேதி ஜார்ஜ் ஹாரிசன் வெளியேறினார். அவர் திரும்பி வந்து, வேலை லண்டனில் அவர்களுடைய சொந்தக் கட்டடத்தின் நிலவறைக்கு மாறி, பில்லி பிரஸ்டன் என்னும் கீபோர்டு வித்வானும் சேர்ந்த பின்னரே கலைஞர்களுக்கு உற்சாகம் பிறந்தது. ஆயினும் தொகுத்துப் பார்த்த நாடாக்கள் திருப்தி தராமையால் ஓராண்டுக்கு மேல் கிடந்து, முடிவில் ஃபில் ஸ்பெக்டர் என்னும் தயாரிப்பாளரின் கைக்குப் போயின. 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு' பாட்டின்மீது, மக்கார்ட்னியைக் கேளாமலே, வாத்திய கோஷ்டியையும் பெண்களின் கோரஸையும் அவர் ஏற்றிவைத்தார். பியானோவும் குரலுமாக எளிமையில் நின்ற பாட்டுக்கு அது தகாத அலங்காரம் என்பதே என் அபிப்பிராயம்.

'அபே ரோடு' பிறந்த விதம் வேறு. பழைய முறைப்படியே வேலை நடக்குமானால் சம்மதம் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் திரும்பி வந்தார். அதிலுள்ள 'தி எண்ட்' பாட்டைக் கவனித்துக் கேட்க வேண்டும்: பீட்டில்ஸ் தட்டுகளிலேயே ரிங்கோ ஸ்டாருக்கு வாய்த்த ஒரே தனி ஆவர்த்தனம் அதில் முழங்கி ஓய்ந்ததும், மக்கார்ட்னி, ஹாரிசன், லென்னன் மூவரும் அதே வரிசையில், சிறு சிறு துணுக்குகளாக, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் கிட்டாரை ஏந்தி மும்முறை சுற்றி வருகிறார்கள். மக்கார்ட்னியின் துள்ளலும், ஹாரிசனின் நீண்டு வளையும் ஸ்வரமும், லென்னனின் கரகரப்பும் தனித்தனியே தெரிகின்றன. ஒருவரை ஒருவர் கூர்ந்து கேட்காதவர்களால் இப்படி வாசிக்க முடியாது.

1970 ஜனவரி 3-ல் 'லெட் இட் பி'க்காக 'ஐ மீ மைன்' பாட்டைப் பதிவு செய்தபோது லென்னன் டென்மார்க்கில் இருந்தார். மற்ற மூவர் மட்டுமே வாசித்தார்கள். நால்வரும் ஒருசேர ஸ்டூடியோவில் கூடிய கடைசி நாள் 1969 ஆகஸ்ட் 20. அன்று அவர்கள் செய்த காரியங்களில் ஒன்று, 'அபே ரோடு' பாடல்களின் வரிசையைத் தீர்மானித்தது.