காற்றில் திரும்பும் வேன்

காலித் தீப்பெட்டி ஒன்றின் ஒரு கோடியில் நாணயத்தை வைத்து மூடுங்கள். வழவழப்பான மேசையில் வைத்துப் பக்கவாட்டில் ஊதுங்கள். நாணயம் இல்லாத முனை விலகித் திரும்பும்.

1950இல் ஜெர்மனியில் தயாராகத் தொடங்கிய வோக்ஸ்வாகன் வேனுக்கும் இதே தொல்லைதான். படுக்கை, அடுப்பு பொருத்திய அதன் பழைய வண்டிகளில் பலர் இன்றும் சுற்றுலா செல்கிறார்கள். எஞ்சின் பின்கோடியில் இருப்பதால், முன்னால் எஞ்சின் உள்ள வேன்களைவிட இதன் ஈர்ப்பு மையம் பின்தள்ளி இருக்கிறது. சுவர் போன்ற பக்கத்தில் மோதும் காற்றோ முன்பாதியைத்தான் அதிகம் தள்ளுகிறது. மறைவான இடத்தைத் தாண்டியதும் பலத்த காற்று அடித்தால், வண்டியின் முகம் சட்டென்று திரும்பிவிடும். அப்போது எதிரே லாரி வந்தால்?

அதற்காக எஞ்சினைத் திட்டாதீர்கள்! உராய்வு, சக்கரத்தை அழுத்தும் பாரத்தைப் பொறுத்தது. வண்டியை உந்துபவை பின்சக்கரங்கள். எஞ்சினின் பாரமும் அவற்றின் மேலேதான். சேற்றிலும் மேட்டிலும் பிடிமானம் கிடைப்பது அதனால்தான். (1985இல் நான்கு சக்கரங்களையும் உந்தும் சின்க்ரோ வகையும் வந்தது.)

அப்படியானால் எதை மாற்றலாம்? கூரைமேல் மூட்டை ஏற்றக்கூடாது. தண்ணீர்த் தொட்டி போன்ற கனமான பொருள்களைத் தாழ்வாக, முன்சக்கரங்களை ஒட்டி வைக்கலாம். ஸ்டியரிங்கில் ஆட்டம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கார் டயரின் பக்கச்சுவர் நெளியும். வேனுக்குரிய தடித்த டயரே தேவை. அதிலும் பின்டயரில் காற்றழுத்தம் அதிகமாகவும் முன்டயரில் குறைவாகவும் இருக்க வேண்டும். நான்கிலும் ஒரே அளவாக அடைத்தால், லேசான காற்றுக்கும் வண்டி வெடுக்கென்று திரும்பும்.