தாடை உடைந்தும் 70 நிமிடம் ஆடிய கேப்டன்.. லீக்கை விட்டே வெளியேற்றப்பட்டும் திரும்பி வந்த கிளப்! சவுத் சிட்னி கதை என்ன?

ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் பார்க்கும் யாரிடமாவது 1970 இறுதிப் போட்டி பற்றிக் கேட்டால், முதலில் ஸ்கோரைச் சொல்ல மாட்டார்கள். ‘சாட்லரோட தாடை’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். சவுத் சிட்னி கிளப்பின் ரசிகர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தக் கதையைச் சொல்லி வருகிறார்கள். பழைய ஆட்டத்தை அசைபோடுவதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால், 1999இல் இந்த கிளப்பை லீக்கிலிருந்தே தூக்கி எறிந்தபோது, இந்த மாதிரிக் கதைகள்தான் பல்லாயிரம் பேரை ரோட்டுக்குக் கொண்டு வந்தன. என்னதான் நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ‘முயல்கள்’?

முதலில் ஒரு சின்ன விளக்கம். ரக்பியில் இரண்டு வகை உண்டு. அணிக்கு 15 பேர் ஆடுவது ரக்பி யூனியன். 13 பேர் ஆடுவது ரக்பி லீக். சிட்னியில் லீக் தொழிலாளர்களின் ஆட்டமாகவே வளர்ந்தது. சவுத் சிட்னி கிளப் 1908 ஜனவரியில் ரெட்ஃபெர்ன் டவுன் ஹாலில் தொடங்கப்பட்டது. தொழிற்சாலைகளும் ரயில்வே பட்டறைகளும் நிறைந்த பகுதி அது. ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களுக்கும் ரெட்ஃபெர்ன் முக்கியமான இடம்.

கிளப்பின் செல்லப்பெயர் ‘ராபிட்டோஸ்’. தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு வருவது போல, அந்தக் காலத்தில் முயல்கறி விற்பவர்கள் ‘ராபிட்டோ..’ என்று கூவிக்கொண்டு வருவார்களாம். வீரர்களில் சிலரே அந்த வியாபாரம் பார்த்தவர்கள், அதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் இது என்று சொல்லப்படுகிறது. எதிரணிக்காரர்கள் கிண்டலாகக் கூப்பிட்டதும் அந்தப் பெயரைத்தான். சிவப்பு, பச்சைப் பட்டை போட்ட ஜெர்சி இன்றும் தொடர்கிறது.

எதிரணியே வராமல் ஜெயித்த கோப்பை

1908இல் நடந்த முதல் சீசனிலேயே சாம்பியன். 1909இல் நடந்ததுதான் வேடிக்கை. இறுதிப் போட்டியை வேறொரு ஆட்டத்துக்கு முன்னோட்டமாக நடத்த முடிவு செய்ததால், எதிரணியான பால்மெய்ன் கோபத்தில் மைதானத்துக்குள் இறங்கவே இல்லை. சவுத்ஸ் வீரர்கள் மட்டும் இறங்கினார்கள். பந்தை உதைத்தார்கள், அவர்களே ஓடிப்போய் எடுத்தார்கள், கோட்டுக்கு அப்பால் கொண்டு போய் வைத்தார்கள். அவ்வளவுதான், கோப்பை கைக்கு வந்துவிட்டது!

இரண்டு அணியும் ஆட வேண்டாம் என்று முன்பே பேசி வைத்திருந்ததாகவும், சவுத்ஸ் வாக்கு மீறிவிட்டதாகவும் பால்மெய்ன் தரப்பு சொன்னது. இந்தப் பகை லேசில் ஆறவில்லை. சரியாக 60 வருடம் கழித்து 1969 இறுதிப் போட்டியில் யாரும் எதிர்பார்க்காத விதமாக பால்மெய்ன் 11-2 என்று சவுத்ஸை வீழ்த்தியது. பால்மெய்ன் ரசிகர்களுக்கு அது பழைய கணக்கும் தீர்ந்த நாள்.

1970: தாடை உடைந்த நாள்

அந்தத் தோல்விக்கு அடுத்த வருடம், செப்டம்பர் 19, 1970. சிட்னி கிரிக்கெட் மைதானம். எதிரணி மேன்லி. கேப்டன் ஜான் சாட்லர். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, கையில் பந்து இல்லாத நேரத்தில் மேன்லி வீரர் ஒருவர் விட்ட குத்தில் சாட்லரின் தாடை எலும்பு உடைந்தது. தடுமாறி விழப் போனவர் பக்கத்தில் இருந்த மைக் கிளியரியிடம் கேட்டது ஒன்றுதான்: என்னை நிமிர்த்திப் பிடி, அடிபட்டது அவர்களுக்குத் தெரியக் கூடாது.

அதன் பிறகு சுமார் 70 நிமிடம் ஆடினார். இடைவேளையிலும் வெளியேற மறுத்துவிட்டார். சவுத்ஸ் 23-12 என்று ஜெயித்தது. வெற்றிக் கேடயத்தை வாங்கி, உடைந்த தாடையோடு மைக்கில் பேசியும் முடித்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்.

அந்த அணியில் சாட்லர் மட்டும் இல்லை. பூர்வகுடி சமூகத்தைச் சேர்ந்த எரிக் சிம்ஸ், பந்தைத் தரையில் விட்டு உதைக்கும் ‘ஃபீல்டு கோல்’ அடிப்பதில் கில்லாடி. அவர் அடித்த அடியில், அதற்கான புள்ளியையே 1971இல் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். பயிற்சியாளர் கிளைவ் சர்ச்சில், 1950களில் இதே கிளப்பின் நட்சத்திர வீரர்.

1971இலும் கோப்பை. மொத்தம் 20 ஆனது. ஆனால் கிளப்பிடம் காசு இல்லை. ஜான் ஓ’நீல், ரே பிரானிகன் இருவரையும் 1972இல் மேன்லி தூக்கிக்கொண்டு போனது. ரான் கூட் ஈஸ்டர்ன் சபர்ப்ஸுக்குப் போனார். அடுத்த கோப்பைக்கு 43 வருடம் காத்திருக்க வேண்டி வந்தது.

எதற்காக வெளியேற்றினார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், டிவி உரிமை. 1995இல் ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் லிமிடெட் ‘சூப்பர் லீக்’ என்று போட்டி அமைப்பைத் தொடங்க, வீரர்களுக்கும் கிளப்புகளுக்கும் ஏலம் போடாத குறை. 1997 இறுதியில் இரு தரப்பும் சமாதானமாகி என்ஆர்எல் பிறந்தது. 1998இல் 20 அணிகள். 2000க்குள் அது 14 ஆக வேண்டும் என்பது ஒப்பந்தம். வருமானம், கூட்டம், வெற்றி எல்லாவற்றுக்கும் மார்க் போட்டார்கள். சில கிளப்புகள் வேறு வழியில்லாமல் ஒன்றோடொன்று இணைந்தன. 1909இல் மைதானத்துக்கு வர மறுத்த அதே பால்மெய்னும் வெஸ்டர்ன் சபர்ப்ஸோடு சேர்ந்து ‘வெஸ்ட்ஸ் டைகர்ஸ்’ ஆனது.

சவுத்ஸ் யாரோடும் சேரவில்லை. 1999 அக்டோபரில் பட்டியலிலிருந்து வெட்டப்பட்டது. வருமானக் கணக்கில் மட்டும் பார்த்தால் என்ஆர்எல் சொன்னதில் பெரிய தப்பில்லை. கடனும் தோல்வியுமாகத்தான் கிளப் இருந்தது. ஆனால் மார்க் போட்ட அட்டவணையில் 1970க்கு என்று ஒரு கட்டம் இல்லை.

முன்னாள் வீரரும் கிளப் தலைவருமான ஜார்ஜ் பிக்கின்ஸ் விடவில்லை. சிட்னியில் மாபெரும் பேரணிகள் நடந்தன. 2000 நவம்பர் பேரணியில் சுமார் 80,000 பேர் கலந்துகொண்டதாக மதிப்பிடப்பட்டது. ஆட்டமே இல்லாத ஒரு கிளப்புக்கு வந்த கூட்டம் இது! நீதிமன்றத்தில் முதல் தீர்ப்பு பாதகம். 2001 ஜூலையில் ஃபெடரல் கோர்ட் அமர்வு 2-1 என்ற பெரும்பான்மையில், கிளப்பை விலக்கியது வர்த்தகப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்றது. 2002இல் சவுத்ஸ் மீண்டும் களத்தில்.

இதில் ஒரு ட்விஸ்ட். 2003இல் உயர்ந்தபட்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. சட்டப்படி பார்த்தால் சவுத்ஸ் தோற்றுப் போன வழக்கு இது. ஆனால் அதற்குள் கிளப் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது, மறுபடி யாரும் வெளியேற்றவில்லை.

நடிகர் வந்தார், கோப்பையும் வந்தது

திரும்பி வந்தது வந்தது, ஆட்டம் வரவில்லை. 2003, 2004, 2006 மூன்று சீசனிலும் கடைசி இடம். 2006இல் ‘கிளாடியேட்டர்’ நடிகர் ரஸல் குரோவும் தொழிலதிபர் பீட்டர் ஹோம்ஸ் அ கோர்ட்டும் கிளப்பின் 75% பங்கை வாங்க முன்வந்தார்கள். உறுப்பினர்களில் 75% பேர் சம்மதிக்க வேண்டும். கிடைத்தது 75.8%. எதிர்த்து நின்றவர், கிளப்பைக் காப்பாற்றிய அதே பிக்கின்ஸ். உறுப்பினர்களுக்காகப் போராடி மீட்ட கிளப்பைத் தனியாருக்கு விற்பதா என்பது அவர் தரப்பு.

2014 அக்டோபர் 5. இறுதிப் போட்டியில் 83,833 பேர். முதல் மோதலிலேயே சாம் பர்ஜஸுக்குக் கன்ன எலும்பு உடைந்தது. வீங்கிய முகத்தோடு 80 நிமிடமும் ஆடினார். சவுத்ஸ் 30-6 என்று புல்டாக்ஸை வீழ்த்தியது. ஆட்ட நாயகன் விருது பர்ஜஸுக்கு. அந்த விருதின் பெயரே ‘கிளைவ் சர்ச்சில் பதக்கம்’. அரங்கில் இருந்த முதியவர்கள் பலருக்கு அன்று நினைவுக்கு வந்த பெயர் சாட்லர்.

இன்றைய விதிகளில் தலையில் அடிபட்டால் வெளியே அழைத்துப் போய் மருத்துவப் பரிசோதனை செய்தாக வேண்டும். 1970இல் அப்படி எதுவும் இல்லை. சாட்லர் தன் கடைசி ஆண்டுகளில் மறதி நோயோடு வாழ்ந்தார். லீக் வீரராக இருந்த அவரது மகன் ஸ்காட் சாட்லர் அதை வெளிப்படையாகச் சொன்னார். 2023 மார்ச் 20 அன்று, தன் 80வது வயதில் ஜான் சாட்லர் காலமானார்.