உங்களுக்குத் தெரியுமா? – சொந்தச் செலவில் வெளிநாட்டுப் பிஎச்.டி.

● சேர்க்கைக் கடிதத்தில் 'செல்ஃப் ஃபண்டட்' என்று இருந்தால், உங்கள் ஆய்வுத் திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள், பணம் மட்டும் உங்களுடையது என்று அர்த்தம். மட்டமான இடம் என்று அர்த்தமில்லை. யார் பணத்தில் படித்தீர்கள் என்று பட்டச் சான்றிதழில் எழுதமாட்டார்கள். ஆனாலும் வீட்டுப் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துப் போகும் முன் கீழே உள்ளதைப் படித்துவிடுங்கள்.

● பிரிட்டன் அரசின் ஆய்வு நிதி அமைப்பான யு.கே.ஆர்.ஐ. உதவித்தொகை பெறுபவருக்கு 2025-26இல் கட்டணம் போக ஆண்டுக்குக் குறைந்தது 20,780 பவுண்டு கைக்கு வரும். அதே ஆய்வகத்தில், பக்கத்து மேசையில், சொந்தச் செலவில் வந்த இந்திய மாணவர் பல பல்கலைக்கழகங்களில் அறிவியல் ஆய்வுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் கட்டணமே கட்டுவார். சாப்பாடு, வாடகையும் சேர்த்தால் மூன்றாண்டுச் செலவு ஒரு கோடி ரூபாயைத் தாண்டும்.

● அந்த யு.கே.ஆர்.ஐ. உதவித்தொகைக்கு 2021 முதல் இந்தியர்களும் விண்ணப்பிக்கலாம். ஒவ்வோர் ஆண்டுச் சேர்க்கையிலும் 30 சதவீதம் வரை வெளிநாட்டவருக்குத் தரலாம். பலருக்கு இது தெரிவதே கடைசித் தேதி போன பிறகுதான். பல இடங்களில் டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடுகிறது.

● மூன்றாண்டு என்று கடிதம் சொல்லும். ஆய்வேடு நாலாம் ஆண்டுக்கு இழுப்பது சர்வசாதாரணம். அப்போது விசா நீட்டிப்பு, அதற்கான மருத்துவக் கட்டணம் (மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு), வாடகை எல்லாம் மறுபடி வரும். கடன் கேட்கும்போதே நாலாண்டுக்குக் கணக்குப் போடுங்கள்.

● 'பகுதிநேர வேலை பார்த்துச் சமாளித்துவிடலாம்' என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஆறுதல். பிரிட்டனில் மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. இளங்கலை மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் அந்தத் தடை தளரும், பிஎச்.டி. மாணவருக்கு அப்படி ஒரு விடுமுறையே கிடையாது. அந்தச் சம்பளத்தில் சாப்பாட்டுச் செலவு அடங்கலாம். கல்விக் கட்டணம் அடங்காது.

● ஸ்வீடன், நார்வே, டென்மார்க், நெதர்லாந்தில் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பள வேலை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவருக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணம் இல்லை. நியூசிலாந்தில் 2006 முதல் வெளிநாட்டு பிஎச்.டி. மாணவரும் உள்ளூர் மாணவர் கட்டும் கட்டணத்தையே கட்டுகிறார். ஒரே நாட்டின் கடிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள்.

● மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு, முக்கியமாகப் பட்டியல் சாதி மாணவர்களுக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயல்நாட்டு உயர்கல்விக்கு நிதி தருகிறது. தகுதியுள்ள பிள்ளைகள் இதைக் கேட்காமலேயே கடனுக்குப் போவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

● நெறியாளரிடம் பணத்தைப் பற்றிக் கேட்பது மரியாதைக்குறைவு இல்லை. 'உங்களிடம் இப்போது படிப்பவர்களில் எத்தனை பேர் சொந்தச் செலவில் வந்தவர்கள்? எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைத்து உதவித்தொகைக்கு முயலலாமா?' என்ற மூன்று கேள்வியும் ஒரே மின்னஞ்சலில் அடங்கும்.

● 1914இல் கப்பலேறிய ராமானுஜனுக்குச் சென்னையிலிருந்து ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை. அதில் 50 பவுண்டு ஊரிலிருந்த குடும்பத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. வெளியே போகிறவரை நம்பி வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் அன்றே கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

● அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிறகு லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது பணம் நின்றுபோக, 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். ஆனால் நான்கு ஆண்டுக்குள் வந்து தொடரலாம் என்ற அனுமதியைப் பல்கலைக்கழகத்திடம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து சம்பளத்தை மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவியும், நண்பர் நவல் பதேனா கொடுத்த கடனும் சேர, 1920இல் மறுபடி லண்டன் போனார். 1923இல் ஊர் திரும்பினார், அதே ஆண்டில் டி.எஸ்சி. பட்டமும் கிடைத்தது.