ஆய்வுக்கு ஏன் 100 மணி?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கும் முடிவுத் திகதி நெருங்குகிறது. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வரும் பெற்றோரின் கடிதங்கள் ஒரே கேள்வியில் முட்டி நிற்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்திலோ தனியார் வளாகத்திலோ மூலக்கூற்று உயிரியல் படிக்கப் போகும் பிள்ளை உண்மையிலேயே ஆய்வு செய்யுமா? கையேடுகள் ஆம் என்று அடித்துச் சொல்கின்றன. அனுமதிக்கான இசட் புள்ளிக் கணக்கை ரியூஷன் ஆசிரியர்களிடம் விட்டுவிடுவோம். பார்க்க வேண்டிய கணக்கு இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் இருக்கிறது. விரிவுரைக்கும் செய்முறைக்கும் ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 50 மணி நேர உழைப்பு. ஆய்வுக்கோ ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100 மணி. கெட்டிக்கார விதிதான். செய்முறை வகுப்பில் விடை முன்பே தெரியும். ஆய்வில், டிஎன்ஏயைப் பெருக்கும் பீசிஆரை முடித்து ஜெல்லைப் புற ஊதாக்கதிர் விளக்கில் வைத்தால், சிலவேளை ஒப்பீட்டுக்கு இட்ட அளவுத் துண்டுகள் மட்டும் ஒளிரும். மாதிரி ஓடிய தடம் இருண்டு கிடக்கும். பிழை டிஎன்ஏயிலா, பிரைமரிலா, வெப்பநிலையிலா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். அந்த அலைச்சலுக்குத்தான் இரட்டிப்பு மணி.

ஆனால் இவை உத்தேச மணிகள். கடிகாரம் பார்த்து எண்ணியவை அல்ல. மைனஸ் 20 பாகையில் வைக்க வேண்டிய பீசிஆர் நொதி வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும். டொலரும் மின்சாரமும் சேர்ந்தே தட்டுப்பாடான 2022 இன்னும் மறக்கவில்லை. நொதிக்காகக் காத்திருந்த நேரமும், முதுநிலை மாணவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்த நேரமும் அந்த 100க்குள் அடங்கிவிடலாம். ஆய்வறிக்கையும் வாய்மொழித் தேர்வும் உண்மையைக் காட்டிக்கொடுக்கும் என்பார்கள். வாய்மொழித் தேர்வு ஓரளவு காட்டும். அறிக்கையிலுள்ள ஜெல் படத்தை யார் கை ஓட்டியது என்பதைத் திகதியிட்ட, தோற்ற முயற்சிகளையும் மறைக்காத ஆய்வுகூடக் குறிப்பேடுதான் சொல்லும். ஆகவே கட்டணத்தை விசாரிக்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டியது, குறிப்பேட்டுக்குப் புள்ளி உண்டா, அதை யார் வாசிக்கிறார் என்பதே. கணினியில் மரபணுத் தொடர்களை அலசினால் இரசாயனமே வேண்டாமே என்பது இன்னொரு வாதம். சரி, அதுவும் ஆய்வே. விளம்பரத்தில் மட்டும் பைபெட்டோடு படம் போடாதிருந்தால் நல்லது.

இனிச் சில குறுங்கேள்விகள். மூன்று வருடப் பட்டம் போதாதா? அது 90 கிரெடிட், தனி ஆய்வு பொதுவாகக் கட்டாயமில்லை. சிறப்புப் பட்டம் 120.

தமிழில் படிக்கலாமா? கொழும்பு விஞ்ஞான பீடத்தில் ஆங்கிலம்தான்.

பிள்ளையின் பெயரில் ஆய்வுக் கட்டுரை வெளிவருமா? வந்தால், பெரும்பாலும் மேற்பார்வையாளரின் கட்டுரையில் பல பெயர்களுள் ஒன்றாக.